பதினைந்து அடிச் சரிவு

அந்த அக்காவை நினைத்தால் முதலில் காதில் விழுவது "கைய எடு" என்ற இரண்டு வார்த்தைதான். வேறு நல்ல வார்த்தைகளும் பேசியிருக்கிறாள். எனக்கு அதிகம் கிடைத்தது இதுதான்.

கண்டி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு எதிர் லயம். ரோட்டுப் பக்கக் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை வீடு. அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. சக்கரம் வைத்த சில்லுக் கதிரையில் உட்கார்ந்தபடியே பள்ளிக்கூடச் சட்டை தைப்பாள். மெஷினைக் காலால் மிதிக்க முடியாது என்பதால் மோட்டார் பூட்டி, அதன் மிதியை ஒரு பலகையில் ஆணி அடித்து நிறுத்தி, முழங்கையால் அழுத்துவாள். துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே எப்படி முழங்கையால் அழுத்தினாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தையல் மட்டும் கோணாது.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு தடவை மேடையில் மைக் வைத்து அவள் பெயரைத் தப்பாகச் சொன்னார்கள். அது போதும்.

நான் மேசன், கொத்து வேலை. கல்யாணம் முடித்து அந்த லயத்துக்குக் குடிவந்த புதிதில், ஒரு நாள் காலை பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். அவள் கதிரையைத் தள்ளிக்கொண்டு ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு கேன் தண்ணீர். நான் வாளியை வைத்துவிட்டுப் பின்னால் போய்க் கதிரையின் பிடியைப் பிடித்தேன்.

"கைய எடு."

"இல்லக்கா, ஏத்தமா இருக்கு..."

"ஏத்தம்னு எனக்குத் தெரியுது. கைய எடு."

எடுத்தேன். போகவும் மனமில்லை, நிற்கவும் வெட்கம். அவள் இரண்டு சுற்று தள்ளுவாள், பிடித்து நிறுத்துவாள், மூச்சு வாங்குவாள், மறுபடி தள்ளுவாள். மேலே போய்ச் சேர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா நின்னு பாத்தியே, டிக்கெட் எடுத்தியா?"

திமிர் பிடித்தவள் என்று வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவிக்கு ஆச்சரியம் இல்லை. இரண்டு லயத்திலும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். தோட்டத்து டொக்டரிடம் "கைய எடுங்க" என்றிருக்கிறாள். உதவி கொடுக்க வந்து தலையைத் தடவிய கொழும்புப் பணக்கார நோனாவிடம் சிங்களத்தில் அதையே சொல்லியிருக்கிறாள்; அந்த நோனா கொண்டுவந்த போர்வையை யாருக்கும் கொடுக்காமல் திரும்பிப் போனார் என்று அடுத்த காம்பராக்காரிக்கு நாலு வருஷமாகக் கோபம்.

டவுனுக்குப் போக, நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனின் த்ரீவீலரைத்தான் கூப்பிடுவாள். கதிரையை வண்டிக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தி, ஒரு கையை வண்டிக் கம்பியிலும் ஒரு கையை சீட்டிலும் ஊன்றி, உடம்பை எம்பி உள்ளே போடுவாள். பிறகு காலை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைப்பாள். பத்து நிமிஷம் போகும். பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடிக்கும்.

"தங்கச்சி, நா ஒரு கை புடிச்சா ரெண்டு நிமிஷம்" என்பார் நானா.

"நானா, ஒங்க வண்டி ஸ்டார்ட் ஆக எத்தன தடவ இழுக்குறீங்க? நான் வாய தொறந்தேனா?"

நானா சிரித்துவிட்டு பீடி பற்றவைப்பார். அவளோடு சண்டை இல்லாமல் பழகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். சும்மா இருக்க அவருக்குத் தெரியும். எங்கள் யாருக்கும் தெரியாது.

எங்கள் ஆட்களுக்குத் தூக்குவது என்றால் பெரிய புண்ணியம். நோயாளியைத் தூக்குவோம், கர்ப்பிணியைத் தூக்குவோம், கிழடுகளைத் தூக்குவோம். ரோடு போட்டுக் கொடு என்று தோட்டத்தை நடத்தும் தொரையிடம் ஒருத்தனும் கேட்க மாட்டான். பாதை இல்லாத லயத்தில் இருந்து ஆளைச் சாக்கில் போட்டுத் தடியில் கட்டி நாலு பேர் தோளில் வைத்துக் கொண்டுபோனோம் என்பதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே மூன்று தலைமுறை போய்விட்டது. நானும் அப்படிப் பெருமை பேசியவன்தான்.

மாரியம்மன் கோயிலுக்குப் பதினான்கு படி. திருவிழா அன்று இளந்தாரிகள் நாலு பேர் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். "அக்கா, வாங்க, கதிரையோட தூக்கிட்டுப் போறோம்." அவள் மாட்டேன் என்றாள். கீழே ரோட்டிலேயே இருந்தாள். பூசாரி மனது கேட்காமல் தட்டோடு இறங்கி வந்தார்.

"ஆத்தாள பாக்க வர ஒனக்கு என்னம்மா ரோசம்?"

"ரோசம் இல்ல பூசாரி. தேர் எறங்க அந்தப் பக்கமா பாத வெட்டுனீங்கல்ல, போன வருஷம்?"

"ஆமா, சாமி தேரு எறங்கணுமே."

"சாமிக்கும் சில்லுதான், எனக்கும் சில்லுதான். அந்தப் பாதைய ஏன் திருவிழா முடிஞ்சதும் முள்ளு வெட்டிப் போட்டு அடைக்கிறீங்க?"

பூசாரி தட்டை நீட்டினார். மாடு ஏறிவிடும் என்றார். அவள் திருநீறை எடுத்துப் பூசிக்கொண்டாள். அடுத்த வருஷமும் தேர் போனதும் முள் போட்டு அடைத்தார்கள். அடைத்தவர்களில் என் மச்சானும் ஒருவன்.

அவளுக்கு என்னதான் வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது அவள் வீட்டு வாசல்படியில் வேலை செய்தபோது. படி மூன்று அங்குலம் உயரம். அதில் கதிரையின் முன் சில்லு தட்டும். ஒரு சின்னச் சரிவு போட்டுத் தா என்றாள். நான் ஒரு கரண்டி சாந்தைக் குவித்துத் தடவப் போனேன். அளவு நாடாவை எடுத்து நீட்டினாள்.

"மூணு அங்குலத்துக்கு மூணு அடி நீளம் வேணும். ஒரு அடி ஒசரம்னா பன்னெண்டு அடி. அதுக்குக் கொறஞ்சா கையால தள்ளி ஏற முடியாது. ஆஸ்பத்திரில ஒரு மிஸ் சொல்லிக் குடுத்தாங்க. மண்டைல ஏத்திக்க."

ஏற்றிக்கொண்டேன். அளந்து போட்டேன். அவள் உள்ளே போய் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய் வெளியே வந்தாள். நாலு தடவை. முகத்தில் ஒரு சிரிப்பு. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அப்போதுதான் மகாவலிக் கரையில் புதிதாகத் திறந்திருந்த பூங்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. எந்தப் பூங்கா என்று எழுத மாட்டேன். ரோட்டில் இருந்து ஆறு படி கீழே. ஆற்றை ஒட்டி நடைபாதை, பெஞ்சுகள், மூங்கில் நிழல். ஞாயிற்றுக்கிழமை சனம் குடும்பத்தோடு போகும்.

"ஆத்தப் பாக்க ஆசையாக்கா?" என்று கேட்டேன்.

"ஆத்த டீவில பாக்கலாம். எனக்கு ஒத்தையா இருக்கணும்."

எனக்கு விளங்கவில்லை.

"லயத்துல ஒத்தையா இருக்க எடம் எங்க தம்பி இருக்கு? பக்கத்துக் காம்பராவுல இருமுனா எனக்குத் தொண்ட கரகரக்குது. நான் கொழுந்து பறிச்ச காலத்துல மூட்டம் வந்துச்சுன்னா பக்கத்து நெரையில நிக்கிறவ கூட தெரிய மாட்டா. ஒலகத்துல நான் மட்டும்தான்னு இருக்கும். விழுந்ததுக்குப் பொறகு ஒரு நாள் கூட அப்படி இல்ல. ஒரு மணித்தியாலம். யாரும் கூட்டிட்டுப் போகாம, யாரும் பக்கத்துல நிக்காம, நானே போய், நானே இருந்து, நானே வரணும். அம்புட்டுதான்."

அம்புட்டுதான். இதைக் கொடுக்க ஒரு நாட்டால் முடியவில்லை.

பூங்காவை நடத்துகிற அரசாங்கக் கந்தோருக்குச் சிங்களத்தில் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. இன்னொன்று எழுதினாள். இல்லை. நேரில் போனாள். கந்தோர் மாடியில். நானாதான் பிறகு கதை கதையாகச் சொன்னார். பியோன் இரண்டு பேரைக் கூட்டிவந்து தூக்கிக்கொண்டு போகிறோம் என்றானாம். இவள் சிங்களத்தில் "கையை எடுங்க, மாத்தயாவைக் கீழே வரச் சொல்லுங்க" என்றாளாம். மாத்தயா, அங்கே பெரிய அதிகாரி, கூட்டத்தில் இருக்கிறார் என்று பதில். இவள் மாடிப்படியின் அடியில் நடுவாகக் கதிரையை நிறுத்தி பிரேக்கைப் போட்டுவிட்டாள். மேலே போகிறவன், கீழே வருகிறவன் எல்லோரும் சுவரோடு ஒட்டி நெளிந்து போக வேண்டியதாயிற்று. ஒன்பது மணிக்குப் போனவள். பதினொன்றரைக்கு மாத்தயா ஃபைலோடு இறங்கி வந்தார்.

"பாதை குறுகலா இருக்குல்ல மாத்தயா? எனக்கு எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்றாளாம்.

சாய்தளம் கட்டுவதாக எழுதிக் கொடுத்தார்கள். அவள் அந்தக் கடிதத்தை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். அப்படி அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த வேலை எனக்கே வந்தது. எனக்கு வேலை கொடுக்கிற கொந்தராத்துக்காரர் கூப்பிட்டு, பூங்காவில் இரண்டு வார வேலை என்றார். அக்காவிடம் சொன்னேன். "நீயா கட்டப் போற? அப்ப எனக்குக் கவல இல்ல" என்றாள். இந்த ஒரு வசனத்தை மறக்க நான் என்னவெல்லாமோ செய்து பார்த்துவிட்டேன்.

ஆறு படி, படிக்கு அரை அடி. மூன்று அடி உயரம். முப்பத்தாறு அடி நீளம் வேண்டும். நான் கயிறு பிடித்தேன். பதினைந்தாவது அடியில் பூங்காவைத் திறந்துவைத்த பெரிய மனிதரின் பெயர்க்கல் நிற்கிறது. கந்தோர் மாத்தயா வந்து, "கல்லைத் தொடாதே, பாஸ். அதுக்குள்ள முடி" என்றார் சிங்களத்தில். மேசனை அவர்கள் பாஸ் என்பார்கள். வளைத்துத் திருப்பிக் கட்டலாம் என்றேன். அந்தப் பக்கம் பூப்பாத்தி இருக்கிறது, கூடாது என்றார். செங்குத்தாகிவிடும், ஏற முடியாது என்றேன். அவர் என் தோளில் தட்டினார்.

"எத்தனை பேர் வரப்போறாங்க? வந்தா வாச்சர் இருக்கார். தூக்குவார்."

அந்த இடத்தில் நான் கரண்டியைப் போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கட்டினேன். கட்டி முடித்து வீல்பரோவில் இரண்டு மூட்டை சிமெந்து ஏற்றி, கீழே இருந்து ஓடி வந்து தள்ளினேன். ஏறியது. அதுதான் நான் வைத்த பரீட்சை. மேசன்களுக்குச் சரிவு என்றால் சாமான் ஏற்றுகிற வழி. உட்கார்ந்திருக்கிற ஆள் தன் கையால் தன் பாரத்தை ஏற்றவேண்டும் என்பது எங்கள் புத்தியில் உறைக்காது. எனக்கு உறைத்திருக்க வேண்டும். என்னிடம் நாடாவை நீட்டிச் சொன்னவள் அவள்.

இன்னொரு மடத்தனமும் செய்தேன். குற்ற உணர்ச்சிக்குப் பரிகாரமாக வேலையை அழகாகச் செய்தேன். நீர்ச்சாந்து தடவி, கரண்டியால் இழைத்து இழைத்துக் கண்ணாடி மாதிரி மினுக்கினேன். யார் வந்து பார்த்தாலும் "பாஸ், வேலைன்னா இது" என்றார்கள். கண்டியில், மழை விழுகிற இடத்தில், ஆற்றங்கரையில், வழுவழு என்று ஒரு சரிவு. மாடு கூட இறங்க யோசிக்கும்.

அந்த இரண்டு வாரமும் அவள் காம்பராவைத் தாண்டிப் போகாமல் குறுக்குப் பாதையால் வீட்டுக்குப் போனேன். ஒரு நாள் ரோட்டில் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி வருது?"

"சூப்பரா வருதுக்கா."

"பன்னெண்டுக்கு ஒண்ணுதானே?"

"ஆமாக்கா."

சாய்தளத் திறப்பு விழா அன்று விடியற்காலையில் மழை. அவள் கஞ்சி போட்ட நீலச் சேலையில் வந்திருந்தாள். நானாவின் வண்டியில் இருந்து பத்து நிமிஷம் எடுத்து இறங்கினாள். நானா தேத்தண்ணி குடிக்கச் சந்திக்குப் போனார். இவள் கதிரையைத் தள்ளிக்கொண்டு சாய்தளத்தின் தலைக்கு வந்து நின்றாள். பார்த்தாள். அளவு நாடா தேவைப்படவில்லை. தலையைத் திருப்பிக் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மைக்கில் அவள் பெயரைத் தப்பாகச் சொல்லி, இந்தச் சகோதரி முதலாவதாக இறங்குவார் என்று அறிவித்தார்கள். நாடா வெட்ட வந்த விருந்தாளி கத்தரிக்கோலோடு கீழே நின்றார். கேமராக்காரர்கள் கீழே.

"எறங்க மாட்டேன்" என்றாள். "இது ரேம்ப் இல்ல. இது சறுக்கு மரம்."

மாத்தயாவின் முகம் சிவந்தது. விருந்தாளி மணியைப் பார்த்தார். மாத்தயா பல்லைக் கடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, "தூக்குங்க" என்றார். வாச்சர், ஒரு டிரைவர், கொந்தராத்துக்காரரின் ஆள், நான்.

"கைய எடுங்க" என்றாள். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "கைய எடுங்கடா."

தூக்கினோம்.

படிவழியாகத்தான் தூக்கிக்கொண்டு இறங்கினோம். சாய்தளத்தில் வைக்க எங்களுக்கே பயம். கீழே சனம் கைதட்டியது. அவள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கீழே வைத்தபோது கேமராவுக்குத் தோதாக ரோட்டுப் பக்கம் முகம் இருக்கும்படி திருப்பி வைத்தார்கள். ஆறு அவள் முதுகுப் பக்கம் ஓடியது. நாடா வெட்டினார்கள். பேசினார்கள். பிறகு எல்லோரும் மேலே பந்தலுக்குப் போனார்கள். நானும் போனேன். பாற்சோறு சாப்பிட்டேன். கொக்கிஸ் பலகாரம் கூட இரண்டு எடுத்தேன்.

முக்கால் மணித்தியாலம் இருக்கும். அவள் எங்கே என்று ஒருத்தர் கேட்கவில்லை. அவள் ஆசைப்பட்ட தனிமை கடைசியில் கிடைத்துவிட்டது என்று யாராவது இதை வைத்து அழகாக எழுத நினைத்தால், செவிட்டில் அறைவேன்.

நான் திரும்பிப் போனபோது அவள் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். கதிரை கீழே கிடந்தது. சாய்தளத்தில் ஏறப் பார்த்திருக்கிறாள். பாதியில் சில்லு வழுக்கித் திரும்ப வந்திருக்கிறது. இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. பிறகு கதிரையை விட்டு இறங்கி, படியில் முதுகைக் கொடுத்து, கையை ஊன்றி ஊன்றி ஆறு படியும் ஏறியிருக்கிறாள். கஞ்சிச் சேலை முழுக்கச் சேறு. செருப்பு ஒன்று மூன்றாவது படியில் கிடந்தது.

"அக்கா..."

"கதிரைய எடுத்துட்டு வா. அதத் தூக்கலாம். அதுக்கு வலிக்காது."

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். கையில் துணி சுற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். மெஷின் மூடியிருந்தது. ஃபேஸ்புக்கில் படம் வந்திருந்தது. நாலு பேர் தூக்க, நடுவில் கண்ணை மூடிய அவள். ஆயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

"நாலு கையில ஒன் கை எதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "எடது தோளுக்குப் பின்னால. சொரசொரன்னு இருந்துச்சு. அந்தச் சொரசொரப்ப தரையில வச்சிருந்தா ஆகாதா?"

நான் தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினேன்.

"நான் மலையில தண்ணிக் கான்ல விழுந்தேன்ல, அப்ப கால் அசைஞ்சுச்சு. ஒனக்குத் தெரியுமா? வெரல ஆட்டிக் காட்டினேன். வலி மட்டும்தான். சும்மா கெடக்க விடுங்க, அசைக்காதீங்க, வண்டி வரட்டும்னு கத்தினேன். கேட்டாய்ங்களா? சாக்குல போட்டு, தடியில கட்டி, ரெண்டு மைல், குறுக்குப் பாதையில, குலுங்கக் குலுங்க. பாதி வழியில கால் காணாமப் போச்சு. ஆஸ்பத்திரில டொக்டர் கேட்டாரு, எப்படிக் கொண்டு வந்தீங்கன்னு. பெருமையா சொன்னாய்ங்க. விழுந்ததுல முதுகு போகல தம்பி. தூக்கினதுல போச்சு. தூக்கினவன்ல ஒருத்தன் என் புருசன். நல்லவன்தான். மூணு வருஷம் அழுதான், பொறகு கொழும்புக்குப் போயிட்டான்."

இதை அவள் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அந்த நாலு பேரும் தோட்டத்தில் தலை நிமிர முடியாது என்று சொல்லவில்லை. இருபது வருஷம் திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு இருந்தாள். தூக்கினவர்களில் இரண்டு பேர் இன்னும் அதே லயத்தில் இருந்தார்கள். குடித்துவிட்டால் அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் விடவில்லை. கை ஆறியதும் கந்தோருக்கு மறுபடி எழுதினாள். இந்தத் தடவை பதில் சீக்கிரம் வந்தது. பிளான்படி முப்பத்தாறு அடிச் சாய்தளம் கட்டிக் கையளிக்கப்பட்டது, நீங்களே விழாவுக்கு வந்தீர்கள், படம் இணைக்கப்பட்டுள்ளது. பிளானில் முப்பத்தாறு! தரையில் பதினைந்து. எந்த மகராசனும் நாடா பிடித்துப் பார்க்கவில்லை.

அவள் ஒரு தாளில் நான் சொல்வதுபோலச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி வைத்திருந்தாள். இந்தச் சாய்தளத்தைக் கட்டிய மேசன் நான், உயரம் மூன்று அடி, நீளம் பதினைந்து அடி, அதோடு நிறுத்தச் சொன்னார்கள். கீழே கையெழுத்துக்கு இடம்.

"கட்டினவன் சொன்னா மேல உள்ளவங்க வந்து பாத்தே ஆகணும். ஒடைச்சுக் கட்டுவாங்க. நீ கையெழுத்து மட்டும் போடு" என்றாள்.

கொந்தராத்துக்காரர் எனக்குப் பன்வில பக்கம் ஆறு மாத வேலை பேசி வைத்திருந்தார். "தைப்பொங்கல் கழியட்டும்க்கா" என்றேன். பொங்கல் கழிந்தது. "சித்திர வருஷம் கழியட்டும்க்கா" என்றேன். அவள் தாளை மடித்து மெஷினுக்கு அடியில் வைத்தாள்.

"சரி" என்றாள்.

அதற்குப் பிறகு கேட்கவில்லை. கடைக்காரன், தொரை, மாத்தயா, பூசாரி என்று ஒருத்தரையும் விடாமல் கேட்டுக் கேட்டு நச்சரித்தவள், என்னிடம் மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டாள். போனால் பேசுவாள். தேத்தண்ணி தருவாள். அந்தத் தாளைப் பற்றிப் பேச்சே இல்லை. அவள் திட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னவோ. இதுவும் ஒரு சாக்குதான்.

நானா ஒரு நாள் சொன்னார். "தங்கச்சி மாசத்துக்கு ஒரு தடவ அந்தப் பூங்காக்குப் போகச் செல்லுது. மேல ரோட்லயே நிப்பாட்டச் செல்லுது. எறங்குறதில்ல. வண்டிக்குள்ள இருந்தே கீழ பாத்துக்கிட்டு இரிக்கி. நா கொஞ்சம் தள்ளிப் போய் நிக்கிறது. பொறகு போவோம் நானான்னு செல்லும்."

விழா அன்று படியில் ஏறியபோது இடுப்புக்குக் கீழே சிராய்த்திருந்தது. உணர்வில்லாத இடம், அவளுக்குத் தெரியவில்லை. புண் ஆழமாகிவிட்டது. உட்காரக் கூடாது, குப்புறப் படுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குப்புறப் படுத்துக்கொண்டு தைக்க முடியுமா? மடுல்கெல்லயில் இருந்த அவள் தம்பி வந்து கூட்டிப்போனான். ஐப்பசி மழையில் செத்துப்போனாள் என்று நானா ஃபோனில் சொன்னார். அந்தப் புண்ணால்தான் செத்தாள் என்று நான் சொல்ல முடியாது. எனக்கு டொக்டர் படிப்பு இல்லை. என் மனசுக்குள் அது கிடக்கிறது.

காரியம் முடிந்த மறுவாரம் நான் கந்தோருக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. நானே போனேன். பழைய மாத்தயா மாறிப் போயிருந்தார். புதியவர் இளம் ஆள், மரியாதையானவர், கதிரை போட்டு உட்காரச் சொன்னார். சொன்னேன். அந்தச் சாய்தளத்தைக் கட்டினது நான், மூன்று அடி உயரம், பதினைந்து அடி நீளம், முப்பத்தாறு இல்லை, எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போடுகிறேன். அவர் ஃபைலை எடுப்பித்துப் பார்த்தார்.

"முறைப்பாடு செஞ்சவங்க எங்க?"

"செத்துட்டாங்க மாத்தயா."

"அப்ப இது முடிஞ்ச ஃபைல், பாஸ்." உண்மையாகவே வருத்தப்பட்டார். ஃபைலை மூடினார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக நிமிர்ந்தார். "நீங்கதானே அந்த ரேம்ப் கட்டின பாஸ்? படத்துல பார்த்தேன், வேலை நல்லா இருந்துச்சு. மேல காட்டுப் பக்கம் பார்வை மேடை ஒண்ணு கட்டுறோம். அங்கயும் ஒரு ரேம்ப் போடச் சொல்லி மேலிடத்துல இருந்து கடிதம் வந்திருக்கு. இடம் மட்டும் கொஞ்சம் கம்மி."

"எவ்வளவு கம்மி?"

"மேடை நாலு அடி உயரம். ஒரு பதினாறு அடி கிடைக்கும்."

முடியாது என்றேன். அவர் கோபிக்கவில்லை. தெரிந்த வேறு மேசன் யாராவது இருந்தால் நம்பர் தரச் சொன்னார். கொடுக்கவில்லை. அவருக்கு நம்பர் கிடைக்காமலா போகும்?